கார்னிடைன் பாட்டிலை வாங்கும் முன்: பிசிஓஎஸ் உள்ள ஒரு வாசகிக்குப் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 29. திருமணமாகி மூன்று வருடம். ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. சுத்த சைவம்; பால், தயிர் உண்டு. கல்லூரி நாட்களிலிருந்தே மாதவிடாய் 50 நாளுக்கு ஒருமுறை, 70 நாளுக்கு ஒருமுறை என்றுதான் வருகிறது. முகத்தில் முடி வளர்ச்சி இருக்கிறது. ஸ்கேனில் ‘இரண்டு பக்கமும் நீர்க்கட்டி’ என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டை மாதாமாதம் சரியாக வெளிவராத இந்தச் சினைப்பைக் கோளாறைத்தான் பிசிஓஎஸ் என்கிறோம். போன வருடம் முட்டை வளர்க்கும் மாத்திரையான க்ளோமிஃபீன் 50 மி.கி. இரண்டு மாதம் கொடுத்தும் முட்டை வளரவில்லை. இன்சுலினைக் கட்டுக்குள் கொண்டுவரும் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு எடுத்துக்கொண்டிருந்தவர், வயிற்றுப்போக்கு தாங்காமலும் ‘அது கிட்னியைக் கெடுக்கும்’ என்று யாரோ சொன்னதாலும் நான்கு மாதமாக நிறுத்திவிட்டார். தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை உண்டு.

இப்போது ஜிம் டிரெய்னர் எல்-கார்னிடைன் தினம் 2 கிராம் எடுக்கச் சொல்கிறார். கைபேசியில் தேடியபோது, பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு உடம்பில் கார்னிடைன் குறைவு என்றும், அதைக் கொடுத்ததில் பாதிப் பேர் கர்ப்பமானார்கள் என்றும் படித்திருக்கிறார். “நான் கறி, மீன் சாப்பிடாததால்தான் எனக்கு இந்தக் குறைபாடு வந்ததா மேடம்? மெட்ஃபார்மினுக்குப் பதிலாக இதை எடுக்கலாமா? நீர்க்கட்டி கரையுமா? எத்தனை மாதத்தில் குழந்தை நிற்கும்?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு வருடமாக எந்த வளைகாப்புக்கும் போகவில்லை, ‘ஏதாவது விசேஷம் உண்டா’ என்று கேட்பார்கள் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் மற்ற மூன்று பக்கங்களையும் திரும்பப் படித்தேன். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் இந்தக் கேள்வியையும் மருத்துவர் கேட்கத்தான் வேண்டும். தூக்கம் கெடுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அடுத்த முறை மறைக்காமல் சொல்லுங்கள். இது உங்கள் சோம்பலாலோ சாப்பாட்டு ஆசையாலோ வந்த நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், குழந்தை பெறும் வயதிலுள்ள 100 பெண்களில் 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கார்னிடைன் விஷம் இல்லை. ஆனால் இன்றைய நிலையில் உங்களுக்கு அதை நான் எழுதித் தர மாட்டேன். மெட்ஃபார்மினுக்குப் பதிலாக என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிரெய்னர் மறுபடி கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பரிசல்காரர் வேலை

கார்னிடைன் நம் உடம்பே தயாரிக்கும் பொருள். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் இதைச் செய்துகொள்கின்றன. அதற்கு இரும்புச் சத்தும் வைட்டமின் சி-யும் கூட வேண்டும். 1905-ல் முதலில் இறைச்சிச் சாற்றில் கண்டுபிடித்தார்கள். லத்தீனில் இறைச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. உடம்பிலுள்ள கார்னிடைனில் 95 சதவீதத்துக்கு மேல் தசையிலும் இதயத்திலும்தான் இருக்கிறது.

அதன் வேலை, பவானிப் பக்கம் நீங்கள் பார்த்திருக்கும் பரிசல்காரர் வேலை. கொழுப்பு இந்தக் கரையில் நிற்கிறது. அதை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்தக் கரையில். நீளமான கொழுப்பு அமிலங்களால் தானாக அக்கரைக்குப் போக முடியாது. கார்னிடைன்தான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வரும். இதை வைத்துத்தான் ‘கொழுப்பை எரிக்கும்’ என்று விற்கிறார்கள். ஆனால் பரிசல் எரிப்பதில்லை, ஏற்றிச் செல்கிறது. ஆற்றில் போதுமான பரிசல்கள் இருக்கும்போது இன்னும் பத்து கொண்டுவந்து விட்டால் அக்கரைக்குப் போகும் ஆட்கள் கூடிவிடுவார்களா? இன்சுலின் அளவு ரத்தத்தில் எப்போதும் உயர்ந்தே இருந்தால், கொழுப்பைச் சேமித்து வை என்பதுதான் உடம்புக்குப் போகும் கட்டளை. பிசிஓஎஸ்-ல் பலருக்கு நடப்பது அதுதான்.

சைவம் சாப்பிட்டதால் வந்ததா?

இல்லை. இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு உணவின் வழியாக ஒரு நாளைக்கு 60 முதல் 180 மி.கி. கார்னிடைன் கிடைக்கிறது. பால்கூடத் தொடாதவர்களுக்கு 10, 12 மி.கி.தான். அப்படியும் அவர்களுக்குக் குறைபாட்டு நோய் வருவதில்லை, ஏனென்றால் உடம்பு தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. சிறுநீரகமும் வீணாக்காமல் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உங்களுக்குப் பாலும் தயிரும் வேறு இருக்கின்றன. உண்மையான கார்னிடைன் குறைபாடு என்பது பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு, நீண்டநாள் டயாலிசிஸ், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரை போன்ற சில காரணங்களால் வருவது. ஆரோக்கியமான சைவ உணவுக்காரருக்கு வருவதில்லை. அசைவம் சாப்பிடும் குடும்பங்களிலிருந்தும் பிசிஓஎஸ் உள்ள பெண்கள் தினமும் என்னிடம் வருகிறார்கள்.

‘பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கார்னிடைன் குறைவு’ என்று நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. துருக்கியில் 2008-ல் வந்த ஒரு ஆய்வில், எடை அதிகமில்லாத பிசிஓஎஸ் பெண்கள் 27 பேரையும் நோயில்லாத 30 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் குழுவினரின் ரத்தத்தில் குறைவாக இருந்தது. ஆனால் வீட்டில் அரிசி டின் காலியாக இருந்தால், வாங்காமல் விட்டார்கள் என்றும் இருக்கலாம், விருந்தாளி நிறைய வந்தார்கள் என்றும் இருக்கலாம். ரத்தத்தில் குறைவு என்பதை மட்டும் பார்த்து, அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல முடியாது. 57 பேரை வைத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லவும் முடியாது.

சோதனைகளில் என்ன கிடைத்தது

நீங்கள் படித்த ‘பாதிப் பேர் கர்ப்பமானார்கள்’ என்ற செய்தியும் எங்கிருந்தோ வந்த கதை இல்லை. எகிப்தில் 170 பெண்களை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட சோதனை அது. க்ளோமிஃபீனோடு தினம் 3 கிராம் எல்-கார்னிடைன் கொடுத்த குழுவில் 51.5 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள். கார்னிடைன் இல்லாத குழுவில் 5.8 சதவீதம். கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கார்னிடைனைத் தனியாகக் கொடுக்கவில்லை. முட்டை வளர்க்கும் மாத்திரையோடு கொடுத்தார்கள். அந்த மாத்திரையும் தினம் 250 மி.கி.; நாங்கள் வழக்கமாக 50-ல் தொடங்கி 150-ல் நிறுத்திவிடுவோம். மூன்றாவது, அதில் சேர்க்கப்பட்டவர்கள் க்ளோமிஃபீனுக்கு அசையாதவர்கள். நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 150 மி.கி. வரை ஏற்றிக் கொடுத்தும் முட்டை வெளிவராவிட்டால்தான் அப்படிச் சொல்வோம். உங்களுக்கு 50 மி.கி. இரண்டு மாதம் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். ‘எனக்கு மாத்திரை வேலை செய்யாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஈரானில் 2016-ல் வந்த இன்னொரு சோதனையில், எடை கூடிய 60 பிசிஓஎஸ் பெண்களில் ஒரு பாதிப் பேருக்குத் தினம் 250 மி.கி. மட்டும் 12 வாரம் கொடுத்தார்கள். சராசரியாக 2.7 கிலோ குறைந்தது, இன்சுலினும் இறங்கியது. டிரெய்னர் சொல்லும் 2 கிராமோடு ஒப்பிட்டால் இது எட்டில் ஒரு பங்கு அளவு. இவ்வளவு சின்ன அளவில் இவ்வளவு பலன் என்றால் எனக்குச் சந்தோஷத்தோடு தயக்கமும் வருகிறது. பெரிய சோதனையில் திரும்பச் செய்து பார்க்காமல் நம்பமாட்டேன். பிசிஓஎஸ் என்று பிரிக்காமல், எல்லா வகைப் பெரியவர்களையும் வைத்து நடந்த 37 சோதனைகளை 2020-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, எடைக் குறைவு சராசரியாக 1.2 கிலோதான் வந்தது. 1.2 கிலோ என்பது ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் ஏறி, ஒரு வாரத்தில் இறங்கும் எடை.

இதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோதனையை வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 750 பிசிஓஎஸ் பெண்களை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். லெட்ரோசோல் என்ற மாத்திரை ஒரு குழுவுக்கு, க்ளோமிஃபீன் இன்னொரு குழுவுக்கு. அவர்கள் எண்ணியது ‘டெஸ்ட் பாசிட்டிவ்’ எத்தனை என்பதை இல்லை. உயிரோடு பிறந்த குழந்தைகளை எண்ணினார்கள். லெட்ரோசோல் குழுவில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீன் குழுவில் 19.1 சதவீதம். பார்க்க எகிப்து எண்ணைவிடச் சின்ன எண்தான். ஆனால் நான் ஒரு பெண்ணிடம் நம்பிச் சொல்லக்கூடிய எண் இது. 2023-ல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலும், முட்டை வெளிவருவதற்கு முதல் மருந்தாக லெட்ரோசோலைத்தான் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கடையில் வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை அது. நாள் பார்த்து, ஸ்கேனில் முட்டை வளர்ச்சியைப் பார்த்துக் கொடுப்பது.

நீர்க்கட்டி கரையுமா என்று கேட்டிருந்தீர்கள். கரைப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லே நம் பெண்களைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிபவை பாதி வளர்ந்து, மேலே வளரமுடியாமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். முட்டை சரியாக வெளிவரத் தொடங்கினால் போதும். ஸ்கேனில் அவை இன்னும் தெரிகின்றனவா என்று யாரும் தேடமாட்டார்கள்.

ஒரே வரியில் கடந்துபோன தைராய்டு

கார்னிடைனுக்கு இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், தைராய்டுக்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: “எட்டு மாதத்துக்கு முன் டிஎஸ்எச் 6.8 இருந்தது, மாத்திரை காலையில் காபியோடு போட்டுக்கொள்கிறேன்.” எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். டிஎஸ்எச் என்பது ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு டெஸ்ட்; தைராய்டு குறைந்தால் அந்த எண் ஏறும்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டால் அது சரியாக உடம்பில் சேராது. 50 மைக்ரோகிராம் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே போவது அதைவிடக் குறைவாக இருக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச் சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் இப்படி எடுத்துவிட்டு டிஎஸ்எச் பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டே குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு அது 2.5-க்குக் கீழே இருப்பதையே விரும்புகிறோம். 6.8 என்பது தூரம். தைராய்டு குறைவாக இருப்பதே மாதவிடாயைத் தள்ளிப்போடும், எடையைக் கூட்டும், அசதியைத் தரும்.

இங்கேதான் கார்னிடைன் எனக்கு நேரடியாக இடிக்கிறது. தைராய்டு ஹார்மோன் செல்லின் உட்கருவுக்குள் நுழைவதைக் கார்னிடைன் தடுக்கிறது. இத்தாலியில் 2001-ல், தைராய்டு மாத்திரை எடுத்து ஹார்மோன் அளவுக்கு மீறியிருந்த பெண்களுக்கு 2 கிராம், 4 கிராம் கொடுத்துப் படபடப்பு போன்ற தொந்தரவுகள் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். அதாவது தைராய்டின் வேகத்தைக் குறைக்க அங்கே பயன்பட்ட அதே 2 கிராமைத்தான், தைராய்டு ஏற்கெனவே குறைவாக இருக்கும் உங்களுக்கு டிரெய்னர் சொல்கிறார். அவருக்கு உங்கள் தைராய்டு பற்றித் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜிம்மில் எடை பார்ப்பார்கள், இடுப்பு அளவு பார்ப்பார்கள், மாத்திரைச் சீட்டைக் கேட்பதில்லை.

மெட்ஃபார்மினை நிறுத்தியது பற்றி

‘கிட்னியைக் கெடுக்கும்’ என்பது தலைகீழாகப் பரவிய செய்தி. மெட்ஃபார்மின் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வேறு காரணத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மருந்து வெளியேறாமல் தங்கிவிடும் என்பதால் நாங்கள் குறைக்கிறோம், நிறுத்துகிறோம். அதைப் பார்த்தவர்கள், மருந்தால்தான் பழுதானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஒருமுறை பார்த்துக்கொண்டால் உங்கள் பயம் தீரும்.

வயிற்றுப்போக்கு உண்மையான தொந்தரவு. அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். பேருந்தில் ஒரு மணி நேரம் வேலைக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் வழி இருக்கிறது. மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினை, 500 மி.கி. ஒன்றே ஒன்றை, இரவுச் சாப்பாட்டின் நடுவில் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிறு பழகிய பிறகு அளவைக் கூட்டலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும். நீண்ட நாள் எடுத்தால் மெட்ஃபார்மின் வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். நீங்கள் சைவம் என்பதால் பி12 நிச்சயம் பார்க்க வேண்டும். சைவத்தால் வரக்கூடிய உண்மையான குறைபாடு என்று நான் உங்கள் விஷயத்தில் தேடுவது அதைத்தான். இன்னொன்று, கார்னிடைனுக்கும் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு உண்டு. மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கியது என்று அதை விட்டுவிட்டு இதற்குப் போனால், அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் என் மேஜையில் பையைக் கவிழ்த்தார். நான்கு டப்பாக்கள். அதில் ஒன்றின் முன்பக்கத்தில் ‘கார்னிடைன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், கூடவே காஃபின், கிரீன் டீ சாறு, குடம்புளிச் சாறு. குழம்பில் போடும் குடம்புளி வேறு. சாறாக இறுக்கிக் காப்ஸ்யூலில் அடைத்தது வேறு. கிரீன் டீ சாறும் குடம்புளிச் சாறும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு வந்த படபடப்பைப் பதற்ற நோய் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்னிடைன் டப்பாவை நிறுத்தியதும் படபடப்பு போனது.

உங்கள் டிரெய்னர் காட்டும் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் இவை மருந்துச் சட்டத்தில் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் ‘துணை உணவு’ என்று விற்கப்படுகின்றன. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற ஆங்கில வரி எங்காவது சின்னதாக இருக்கும். ‘எல்-கார்னிடைன் எல்-டார்ட்ரேட் 1,000 மி.கி.’ என்றிருந்தால் அதில் கார்னிடைன் சுமார் 680 மி.கி.தான், மீதி டார்ட்ரேட். ‘டிஎல்’ என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். டி வகை உடம்பிலுள்ள நல்ல கார்னிடைனைத் தள்ளிவிட்டுத் தசை பலவீனத்தைத் தரும். இறைச்சியிலிருந்து எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது விற்பவை பெரும்பாலும் ஆலையில் செயற்கையாகச் செய்தவை. ஆனால் காப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினாக இருந்தால் அது மிருகத்திலிருந்து வருவது. பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள்.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையாகக் கிராம் கணக்கில் எடுக்கும் கார்னிடைனில் 14 முதல் 18 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதியைக் குடலில் உள்ள கிருமிகள் எடுத்துக்கொள்கின்றன. அவை அதை டிஎம்ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. அதனால்தான் 3 கிராம் அளவில் எடுக்கும் சிலருக்கு வியர்வையில் மீன் வாடை அடிக்கும். மீனே ஏறாத உங்கள் வீட்டில் இது என்ன பாடாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டிஎம்ஏ கல்லீரலில் டிஎம்ஏஓ ஆகிறது. ரத்தக்குழாய் அடைப்போடு அதற்குள்ள தொடர்பை அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் குடலில் இது குறைவாகவே உண்டாகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அந்த நன்மையை நீங்கள் ஏன் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பிசிஓஎஸ் உள்ளவர்கள் பிற்காலத்தில் இதயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள். வருடக்கணக்கில் இதைச் சாப்பிடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

வலிப்பு நோய் இருந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் சாப்பிடுபவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாங்களாக எடுக்கவே கூடாது. இது உங்களுக்கு இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்போது என்ன செய்யலாம்

பரிசோதனைகள்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை டெஸ்ட் (வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் பிசிஓஎஸ்-ல் பலரைத் தவறவிட்டுவிடுவோம்), கொழுப்பு அளவு, டிஎஸ்எச், ப்ரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்), பி12, கிரியேட்டினின், ரத்த அழுத்தம். ஒரே நாள் காலையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

கணவருக்கு: நான்கு பக்கத்தில் உங்கள் கணவரின் பரிசோதனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்று வருடம் ஆகியும் விந்தணு டெஸ்ட் செய்யாமல் உங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டிய ஒரு மாதிரி, அவ்வளவுதான். லெட்ரோசோல் தொடங்கும் முன் அந்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பத்தியை அப்படியே காட்டுங்கள்.

எடை: 71 கிலோவில் 5 சதவீதம் என்பது மூன்றரை கிலோ. 67, 68-க்கு வந்தாலே பலருக்கு மாதவிடாய் தானாக ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 55 கிலோ ஆனால்தான் குழந்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிம்மை விடவேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி, மொத்தமாக 150 நிமிடத்துக்கு மேல் வேகநடை. நீங்கள் எழுதிய சாப்பாட்டில் காலை இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று எல்லாம் அரிசியாகவே இருக்கிறது. அரிசியை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் மாதம் 1,800 ரூபாய் பாட்டிலுக்கு ஒதுக்கியிருக்கிறீர்களே, அதில் பாதியைப் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பனீர், நிலக்கடலைக்கு மாற்றுங்கள். மதியம் ஒரு கிண்ணம் சுண்டல் தட்டில் வந்தால் சாதம் தானாகக் குறையும்.

ஃபோலிக் ஆசிட்: குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே தொடங்க வேண்டிய மாத்திரை இது. உங்கள் பட்டியலில் காணவில்லை. எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு இந்த வாரமே தொடங்குங்கள்.

இதையெல்லாம் செய்து, டிஎஸ்எச் சரியாகி, மெட்ஃபார்மினும் திரும்பத் தொடங்கிய பிறகும் கார்னிடைனை ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும் என்று மனது சொன்னால், நான் கதவைச் சாத்தமாட்டேன். உங்கள் டாக்டருக்குத் தெரிந்து, வேறெதுவும் கலக்காத எல்-கார்னிடைன், குறைந்த அளவில், 12 வாரம் மட்டும். தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, மாதவிடாய்த் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 12 வாரம் கழித்து அவற்றில் ஒன்றும் நகரவில்லையென்றால் அடுத்த பாட்டில் வாங்காதீர்கள். உடம்பு குளிர்வது, மலச்சிக்கல், அசதி கூடினால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலேயே நிறுத்துங்கள். கர்ப்பத்தில் இது பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. தைராய்டு மாத்திரைக்கு நேர்மாறு: கர்ப்பத்தில் அதை நிறுத்தவே கூடாது, அளவு கூட்ட வேண்டிவரும்.

ஒன்றை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் கடைசியில் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று வைத்திருந்தேன். கடைசி மாதவிடாய் வந்து 75 நாள் ஆகிறது, ‘எனக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தள்ளித் தள்ளி வருபவர்களுக்கும் எப்போதாவது முட்டை வெளிவரும், கரு நிற்கும். அதனால் எந்தப் பவுடரையும் மாத்திரையையும் புதிதாகத் தொடங்கும் முன், நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மெடிக்கலில் அட்டை கிடைக்கும். இல்லை என்று வந்தால், இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது நாள் 90-ஐத் தாண்டியிருக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு அத்தனை நாள் தடித்துக்கொண்டே போகக்கூடாது, மாதவிடாயை வரவழைக்க மாத்திரை வேண்டியிருக்கும். அட்டையில் எத்தனை கோடு வந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.